ஓட்டமும் முழங்காலும்

அதிகாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி வீதிகளில் நடமாடுகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கோட்டை மலை இன்னும் கறுப்பாக நிற்கும். பழைய பேட்டைப் பக்கத்து டீக்கடைகளில் அப்பொழுதுதான் அடுப்பு மூட்டியிருப்பார்கள். அந்த அரை இருட்டில் இளைஞர்கள் நால்வரும் ஐவருமாக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் காற்று வாங்க ஓடுகிறவர்கள் அல்லர். போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் ஓடுகிறவர்கள். ஓசூர்ப் பக்கம் போனால் கூட்டம் வேறு தினுசு. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரின் குளிர்ந்த காலைப் பொழுது ஓட்டத்துக்கென்றே ஏற்பட்டது போலிருக்கும். தொழிற்சாலையில் இராப் பணி முடித்து வந்தவர்கள், பெங்களூர்ச் சிநேகிதர்களைப் பார்த்து மாரத்தான் ஆசை பிடித்த உத்தியோகஸ்தர்கள், டாக்டர் சொல்லுக்குப் பயந்த நடுவயதினர் என்று பலரும் அங்கே ஓடுவார்கள்.

இதே மனிதர்களை எட்டு மணிக்கு மறுபடியும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர்களில் சிலராவது மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, "அம்மாடி" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவதைக் காணலாம்.

நாமும் அந்தக் கோஷ்டியில் இடம் பெற்றவரே. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லப்பட்ட தினத்துக்கு மறுநாள் ஓட ஆரம்பித்தோம். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர். இரண்டாம் வாரம் மூன்று. மூன்றாம் வாரம் உற்சாகம் தாங்காமல் அணைக்கட்டுச் சாலையில் எட்டு. நான்காம் வாரம் ஒன்பதாம் வகுப்பு மாடியிலிருந்து இறங்கக் கைப்பிடிச் சுவர் இல்லாமல் முடியவில்லை. நாம் படியேறி வகுப்புக்கு வந்து சேருவதற்குள் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் அதிகமாகக் கிடைத்தது. அந்த மட்டில் அவர்களுக்கு இலாபந்தான்.

ஆனால் ஓர் உபாத்தியாயர் பத்து நாள் நொண்டி நடப்பதால் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வேறொருவனுடைய முழங்கால்தான் இதை எழுதத் தூண்டியது.

ஒரு சாயங்காலம் நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். வயது இருபத்திரண்டு. தகப்பனார் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவர். பையன் இரண்டாம் நிலைக் காவலருக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உடல் திறன் தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. அந்தத் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 விநாடி. ஓடி முடித்தவனுக்கு அடுத்த படி உண்டு. முடிக்காதவன் அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுத்தில் வாங்கிய மதிப்பெண் எவ்வளவு ஆனாலும் அந்த ஏழு நிமிஷத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"சார், முட்டி வலி உயிரை எடுக்குது. படி இறங்க முடியலே. ஓட்டத்தை அடியோடு நிறுத்திடட்டுமா, இல்லே பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடிடட்டுமா?" என்று கேட்டான்.

அதற்குள் அவனுக்கு யோசனை சொல்ல ஒரு சபையே கூடியிருந்தது. "எலும்பு தேஞ்சு போச்சு, போலீஸ் வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்பது தாயாரின் கட்சி. அவ்வா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்த மாமா, வலியைப் பொறுக்காதவன் ஆண்பிள்ளை அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உடன் ஓடும் நண்பர்கள் மருந்துக் கடையில் கேட்காமலே கிடைக்கும் ஒரு மாத்திரையை அறிமுகம் செய்து வைத்திருந்தார்கள். சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது. பத்தில் நான்குதான் பாக்கி.

நாம் வைத்தியர் அல்லோம். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டே காலம் தள்ளுகிறவர்களாகையால் அதையே செய்தோம். "எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எங்கே ஓடுகிறாய்?" என்று கேட்டதில் விஷயம் வெளிவந்தது. எழுத்துத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறான். தேறிய செய்தி வந்த மறுநாளிலிருந்து தினந்தோறும் எட்டு கிலோமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கோட்டை மலைப் படிகளில் ஏறி, அதே வேகத்தில் இறங்கி ஓட்டம். வாரத்துக்கு ஆறு கிலோமீட்டர் பழகிய முழங்கால்மேல் ஐம்பத்தாறு கிலோமீட்டரும் ஒரு மலையும் ஏற்றப்பட்டிருந்தன!

முழங்காலின் அமைப்பைச் சற்றுக் கவனித்தால் இதன் விபரீதம் விளங்கும். மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, இரண்டுக்கும் முன்னால் சில்லு. இந்தச் சில்லு மற்ற எலும்புகளோடு பூட்டப்பட்டதன்று. முன்தொடைத் தசையின் நாரில் பொதிந்து, தொடை எலும்பின் நுனியிலுள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்வது. கிணற்றுக் கப்பியின்மேல் கயிறு ஓடுவது போலத் தசை இழுக்கும் விசை முழுவதையும் இதுதான் திசை திருப்பிக் கொடுக்கிறது. சமதரையில் நடக்கும்போதே மூட்டின்மேல் நம் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படியிலும் ஓட்டத்திலும் அது இன்னும் ஏறும். ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் ஆயிரம் அடி வைக்கிறோம். எட்டு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு முழங்காலும் நாலாயிரம் தடவை அந்தப் பாரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இறக்கத்தில் சங்கடம் அதிகம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதோ அது நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. சில்லு பள்ளத்தில் பலமாக அழுந்துகிறது. ஓட்டக்காரரின் முழங்கால் வலிக்குப் படி இறங்குவதும், சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்திருப்பதும் அடையாளமாக இருப்பது இதனால்தான். வலி சில்லைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ மந்தமாக இருக்கும். இந்த இடந்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஓட ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு சீராகிவிடுகிறது. இருதயமும் இரத்த ஓட்டமும் வெகு சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. தசைநாரும் குருத்தெலும்பும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று மனிதன் தூரத்தைக் கூட்டிவிடுகிறான். மாமரத்தில் முதல் பூ வந்தவுடனே கூடை எடுத்துக்கொண்டு போகிற கதைதான். நம் ஊராருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தாயார் சொன்ன "தேய்மானம்" உண்மையா? இக்கேள்வியைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஒரு கணக்கு நம்மை ஆச்சரியப்படுத்தியது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் கண்டவர்கள் 100க்கு 3.5 பேர். ஓடாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 பேர். பந்தயமே தொழிலாகக் கொண்டு அளவு மீறி ஓடுகிறவர்களில் 13.3 பேர். நல்ல முழங்கால் உடையவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்று இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லலாம். அது நியாயமான ஆட்சேபந்தான். ஆனாலும் ஓடுவதனாலேயே முழங்கால் செருப்புத் தோல் போல் தேய்ந்து போகும் என்ற பயத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. செருப்புத் தோல் செத்த தோல், மூட்டு உயிருள்ளது.

தாயாருக்குக் கணக்குச் சொல்லிப் பயனில்லை என்று எண்ணி, எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தோம். சென்னை மேயராக இருந்தவரும், 2021 இல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான மா. சுப்பிரமணியத்துக்கு 2004 இல் நேர்ந்த சாலை விபத்தில் முழங்கால் மோசமாக அடிபட்டது. கடுமையான தேகாப்பியாசம் இனிக் கூடாதென்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவரே 2014 முதல் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களில் ஓடத் தொடங்கி, நூற்றுக்கு மேல் ஓடி முடித்தார். அவருடைய அரசியல் நமக்கு வேண்டியதில்லை, முழங்கால்தான் வேண்டும். விபத்துக்கும் அந்த ஓட்டத்துக்கும் நடுவே பத்து வருஷங்கள் சென்றன என்பதையும் சேர்த்தே சொன்னோம். பையன் நாற்பது நாளில் அல்லவா நிற்கிறான்!

இனி மாத்திரை. டைக்ளோபினாக் முதலிய வலிநிவாரணிகள் வலியை அடக்குகின்றனவே ஒழிய, சில்லின்மேல் விழும் பாரத்தில் ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. வலி என்னும் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து போடுவதற்கு ஒப்பானது அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகும். வியர்த்து ஓடி நீர் வற்றியிருக்கும் சமயத்தில் சிறுநீரகத்துக்கும் கெடுதல். மாடுகளுக்குப் போட்ட இதே டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் அவற்றின் குலத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006 இல் அரசாங்கம் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தது. கழுகின் உடம்பு வேறு, மனிதன் உடம்பு வேறு என்பது வாஸ்தவம். என்றாலும் மிட்டாய் போல் வாங்கி விழுங்கும் பண்டம் அல்ல என்பதற்காகப் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னோம். மிச்சமிருந்த நான்கு மாத்திரையும் நம் மேஜை இழுப்பறைக்குள் போயின.

படுத்துக் கிடப்பதும் மருந்தன்று. 1978 இல் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர் அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நான்கு விதிகளைச் சொன்னார். அது உலகமெங்கும் பரவி வேதவாக்காகிவிட்டது. பிற்காலத்தில் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் வாக்கைத் திருத்திக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே தப்பென்று சொல்லும் மனிதரிடம் நமக்குத் தனி மரியாதை உண்டு.

மறுநாள் பையனை அழைத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி பார்க்கும் அம்மையாரிடம் போனோம். இந்த வைத்தியம் பணக்காரர்களுக்கும் கிரிக்கெட்காரர்களுக்கும் உரியது என்ற நினைப்பு நம் பக்கத்தில் வெகுநாள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 ஆம் தேதி, வீடு தேடி மருத்துவம் செய்யும் திட்டம் நம் ஜில்லாவிலேயே, சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, மாத்திரைகளோடு இந்த இயன்முறை வைத்தியமும் கிராமத்து வாசற்படி ஏறியது. அதன் பிறகுதான் பலருக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே தெரிந்தது.

அம்மையார் பையனை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, மெதுவாக முட்டியை மடக்கச் சொன்னார். முட்டி உட்புறமாகச் சாய்ந்தது. இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. "வலி முட்டியிலே, பலவீனம் இடுப்பிலும் தொடையிலும்" என்றார் அவர். அவர் சொல்லிக் கொடுத்தவை எந்த உபகரணமும் வேண்டாத அப்பியாசங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்காருவது போல முப்பது விநாடி நிற்பது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கிக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துவது. தாழ்ந்த படியொன்றிலிருந்து நிதானமாக ஒற்றைக் காலால் இறங்குவது. வாரத்துக்கு மூன்று நாள். 2019 இல் அமெரிக்க இயன்முறை வைத்தியர் சங்கத்தின் எலும்பு மூட்டுப் பிரிவினர் வெளியிட்ட நெறிமுறையிலும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்துச் செய்யும் இத்தகைய அப்பியாசமே முதல் மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் அவர் முக்கியமாகச் சொன்னது ஓட்டத்தின் அளவைப் பற்றித்தான். "ஓடு, ஆனால் குறைத்து ஓடு. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீயே போட்டுக்கொள். இரண்டுக்கு மேல் போனால் அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போ. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த தடவை தூரத்தைக் குறை" என்றார். கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் முழங்கால் வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று பிரிவாக்கி, எட்டு வாரம் பரீட்சை செய்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு இப்படி அளவறிந்து ஓடக் கற்றுக் கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் அதோடு அப்பியாசமோ, ஓடும் நடையில் திருத்தமோ சேர்த்தார்கள். மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தன. அளவறிந்து ஓடுவதே முக்கால் வைத்தியம் என்று இதிலிருந்து நமக்குத் தோன்றுகிறது.

நம்மால் ஆன உதவியாக, மைதானத்தில் கடிகாரத்துடன் நின்று பையன் ஒரு நிமிஷத்தில் வைக்கும் அடிகளை எண்ணினோம். 156. காலை நீட்டி எட்டிப் போட்டு, குதிகாலால் தரையை இடித்து ஓடிக்கொண்டிருந்தான். அதே வேகத்தில் அடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால் முழங்கால்மேல் விழும் பாரம் குறைகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2011 இல் காட்டியிருக்கிறார்கள். 164க்குக் கொண்டு வந்தான். முதல் நாள் "பொம்மை ஓடுவது போல இருக்கு, சார்" என்று வெட்கப்பட்டான். ஐந்தாம் நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. கோட்டைப் படிகளுக்கு நாற்பது நாளும் விடுமுறை. முதல் வாரம் இரண்டு நிமிஷ ஓட்டம், ஒரு நிமிஷ நடை என்று மாற்றி மாற்றி. மூன்றாம் வாரத்தில் நடையில்லாமல் இரண்டு கிலோமீட்டர். நான்காம் வாரத்தில்தான் வேகத்தைத் தொட்டான்.

நடுவில் ஒரு நாள் வந்த அவன் தங்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டில் ஓடுகிறவள். அண்ணனுடைய அவஸ்தையைக் காரணமாகக் காட்டி அவளையும் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். இந்தச் சில்லு வலி பெண்களுக்குச் சற்று அதிகமாக வருவது மெய்தான். அதற்காக அப்பியாசத்தைச் சொல்லிக் கொடுப்பதா, ஓட்டத்தையே பிடுங்கிக்கொள்வதா? அண்ணனோடு அவளும் சுவரில் சாய்ந்து நிற்கட்டும் என்று தாயாரிடம் சொல்லி அனுப்பினோம். இப்பொழுது அவள்தான் அவனைவிட அதிக நேரம் நிற்கிறாளாம்.

எல்லா முழங்கால் வலியும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறோம். முட்டி வீங்கினாலும், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் திடீரென்று விட்டுக் கொடுத்தாலும், காய்ச்சலுடன் சிவந்து சுட்டாலும், இரவில் தூங்க விடாமல் வலித்தாலும், திரும்பும்போது "டப்" என்று ஒரு சத்தம் கேட்டு வலி தொடங்கினாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். நம் பிரதேசத்துக்கு இன்னொன்றும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்கிணறுகளில் பல இடங்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. அளவு மீறிய நீரை வருஷக் கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறையும், பிறகு மூட்டுகளில் விறைப்பும் வலியும் காண்கின்றன. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டு வரும் திட்டம் 2013 இல் நிறைவேறியது. வீட்டில் பெரியவர் சிறியவர் பலருக்கும் பல மூட்டுகளில் வலி இருந்தால், ஓட்டத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் குடிக்கிற தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கேழ்வரகுக் களியைக் கைவிட்டுப் பரோட்டாவுக்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை நம் அவ்வாக்கள் கணக்குப் பார்க்காமலே கிண்டி வைத்தார்கள்.

தேர்வு நாள் வந்தது. முந்தைய இரவு பையன் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரே ஒரு மாத்திரை, சார். நாளைக்கு மட்டும்" என்று கெஞ்சினான். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டோம். "ஒண்ணு" என்றான். "ஒன்றுக்கு மாத்திரை எதற்கடா? தூங்கு" என்றோம். நமக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

காலை பத்து மணிக்குப் பிறகு செய்தி வந்தது. 6 நிமிஷம் 43 விநாடி. கடைசிச் சுற்றில் முட்டி ஞாபகமே வரவில்லையாம். ஆனால் அடுத்த கட்டத்தில் கயிறு ஏறும்போது கை வழுக்கி மதிப்பெண் இழந்தான். முடிவுப் பட்டியலில் சொற்ப மதிப்பெண்ணில் இடம் தவறிப் போயிற்று. நாற்பது நாளும் காலையே கவனித்துக் கையை மறந்துவிட்ட உபாத்தியாயரின் தப்பு அதில் பாதி.

இப்போது அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே அடுத்த தேர்வுக்குத் தயாராகிறான். இம்முறை விளம்பரம் வரும் வரையில் காத்திருக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், மூன்று நாள் சுவர். வேப்பமரத்தில் ஒரு கயிறும் கட்டித் தொங்க விட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் அணைக்கட்டுச் சாலையில் நம்மோடும் இரண்டு கிலோமீட்டர் ஓடுவான். நம் வேகத்துக்கு அவன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமோ என்னவோ. அவ்வா மட்டும் நொச்சி இலையை இன்னும் விடவில்லை. வலியே இல்லை என்றாலும், சூடாக ஒத்தடம் கொடுத்தால் சுகமாய்த்தான் இருக்கிறது என்கிறான்.